வாகனம் பழி வாங்குமா?

திருவேற்காட்டில், கூவம் ஆற்றுக்கு அணித்தாக நாம் குடியிருக்கும் தெருவில், மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் ஓத வருவார்கள். சென்ற மாதத்தில் ஓர் இரவு, ஏனைய பிள்ளைகள் ஓதி முடித்து வீடு திரும்பிய பின்னும் ஒரு மாணவன் மட்டும் எழவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை. அவனுடைய அண்ணன் சில மாதங்களுக்கு முன் கொலையுண்டான். வாய்ச்சண்டையாகத் தொடங்கியது கைகலப்பாகி, கைகலப்பு கத்தியில் முடிந்தது. குத்தியவன் சிறையில் இருக்கிறான், வழக்கு நடந்துவருகிறது.

"ஹஜ்ரத், ஒன்று கேட்கலாமா? தன் மேல் ஏறி வந்தவளைக் குத்திக் கொன்றவனை அந்த டிராகன் ஏன் கொல்லாமல் விட்டது?" என்றான்.

நமக்கு முதலில் விளங்கவில்லை. அவனே விளக்கினான். 2011 முதல் 2019 வரை வெளிவந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவு அது. அத்தொடர் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கதன்று. ஆயினும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் துண்டு துண்டாக அதைப் பார்த்துவிடுகிறார்கள். பார்க்கவில்லை என்று நாம் நடிப்பதில் பயனில்லை. நெருப்பு உமிழும் பறக்கும் விலங்கின் மேல் ஏறி ஒரு நகரத்தையே எரித்த அரசியை, அவளுடைய காதலனே குத்திக் கொல்கிறான். விலங்கு வருகிறது, பிணத்தைப் பார்க்கிறது, கொன்றவன் எதிரே நிற்கிறான். அவனை எரிக்காமல், பக்கத்திலிருந்த இரும்பு அரியணையை உருக்கிவிட்டு, அரசியின் உடலைத் தூக்கிக்கொண்டு பறந்துபோகிறது.

கதை நமக்குப் புதிது. ஆனால் மாணவனின் கேள்வி கதையைப் பற்றியதன்று. மூன்றாம் நாள் துஆவின்போது உறவினர் ஒருவர், சபையோர் கேட்க, அவனிடம் சொன்னாராம்: "சோறு போட்டவனுக்காக நாய்கூடக் கடிக்குமேடா! நீ கூடப்பிறந்தவன், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே!" அந்தச் சொல் அவனை உறங்கவிடவில்லை. டிராகனே விட்டுவிட்டது என்றால் தானும் விட்டுவிடலாம் அல்லவா என்று அவன் ஆதாரம் தேடி வந்திருக்கிறான்.

நாயைக் காட்டிக் கொல் என்கிறார் ஒருவர். டிராகனைக் காட்டி விடட்டுமா என்கிறான் ஒருவன். இருவருமே ஒரு மனிதக் கடமைக்கு மிருகத்திடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். இதை நாம் மறுக்கிறோம். பிள்ளையை மறுக்கும்போது அன்போடு மறுக்கிறோம்; அந்தப் பெரியவரை மறுக்கும்போது அவ்வளவு மென்மை வேண்டியதில்லை என்றே கருதுகிறோம்.

களத்தில் நின்ற யானைகள்

டிராகன் கற்பனை. ஆனால் தன் மேல் இருந்தவனைப் பறிகொடுத்த விலங்குகள் வரலாற்றில் நிரம்ப உண்டு. அவை என்ன செய்தன?

1556 நவம்பர் 5 ஆம் நாள், இரண்டாம் பானிப்பட்டுப் போர். 'ஹவாய்' என்னும் யானை மேல் இருந்து போர் நடத்திய ஹேமுவின் கண்ணில் அம்பு தைத்தது. அவர் அம்பாரியிலேயே மயங்கிச் சாய்ந்தார், படை சிதறியது. முகலாயத் தளபதி ஷா குலி கான் அந்த யானையை வளைத்துப் பிடித்தார். யானை என்ன செய்தது? பகைவர் கூட்டத்தை மிதித்ததா? பாகன் காட்டிய வழியில் நடந்து, தன் தலைவனைப் பகைவரின் பாசறைக்கே சுமந்து சென்றது. அங்கே அவர் கொல்லப்பட்டார். பதினான்கு வயது அக்பர், குற்றுயிராய்க் கிடந்தவரின் மீது வாள் வீச மறுத்துவிட்டதாக அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். வேறுவிதமாக எழுதியவர்களும் உண்டு. எது உண்மையானாலும், அன்று அங்கே வாளை வீசலாமா கூடாதா என்று எண்ணிப்பார்க்கும் நிலையில் இருந்தவர்கள் மனிதர்கள் மட்டுமே. யானை அந்தக் கணக்கில் இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். நம் ஊருக்கு மேற்கே, அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது தக்கோலம். 949 ஆம் ஆண்டில் அங்கே நடந்த போரில், சோழ மன்னர் முதலாம் பராந்தகரின் மகன் இராசாதித்தர் யானை மேல் இருந்தபடியே உயிர் நீத்தார். 'ஆனைமேற்றுஞ்சினார்' என்று சோழர் கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன. கொன்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன். அவன் உயிரோடு திரும்பினான், பரிசும் பெற்றான்.

அந்த வெற்றியைச் சொல்லும் கல்லொன்று கருநாடகத்து மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கல்லில் ஒரு நாயின் கதையும் உண்டு. போரில் வீரங்காட்டிய மணலேரன் என்பவன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டது 'காளி' என்னும் வேட்டை நாயை. அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. அதன் நினைவாகவே கல் நாட்டப்பட்டது, நிலமும் விடப்பட்டது.

நாயை உவமை காட்டும் பெரியவர்கள் இந்தக் கல்லை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். காளி முதலில் பூதுகனின் நாய். பிறகு மணலேரனின் நாய். கை மாறியது, நன்றியும் உடன் மாறியது. புதியவன் ஏவினான், பாய்ந்தது, மாண்டது. அது ஏவலுக்குப் பணிந்த வீரம். பழி அறிந்து முடித்த வீரமன்று. போரில் பிடிபட்ட யானைகளும் குதிரைகளும் இவ்வாறே வென்றவனின் கொட்டிலுக்குப் போயின. அவன் கையால் தீனி தின்றன. அடுத்த போரில் அவனையே சுமந்தன. பழைய தலைவனைக் கொன்றவனின் கைதான் அது என்று அவை பொதுவாகத் தீனியை மறுத்ததில்லை.

இதில் வியப்பு ஏதுமில்லை. போர் யானையின் சினம் பாகனின் காலிலும் தோட்டியிலும் இருந்தது. காதுக்குப் பின்னே அழுத்தும் கால் நின்றுவிட்டால் எஞ்சுவது வலியும் அச்சமுமே. மிரண்ட யானை பகைவன் நண்பன் என்று பாராமல் வழி கிடைத்த பக்கம் ஓடும். தன் படையையே மிதித்துவிடும். ஆகவே அது கொன்றவனை விட்டுவிட்டது என்று சொல்வதே பிழை. பிடித்தால் அல்லவா விடுவதற்கு?

மறுப்புகளும் விடையும்

யானைக்கு நினைவில்லையா என்று கேட்பார்கள். உண்டு. கென்யாவின் அம்போசெலிக் காட்டில் நடந்து 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஈட்டியால் யானையைக் குத்தும் வழக்கமுள்ள மசாய் மக்கள் உடுத்திய துணியின் வாடையை யானைகள் வேறுபடுத்தி அறிந்து அஞ்சி விலகியதைக் காட்டியது. கவனிக்க வேண்டும்: யார் குத்தினான் என்று அவை விசாரிக்கவில்லை. அந்த வாடை வந்தாலே அஞ்சின. ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தார் எல்லோரையும் அஞ்சுவதும் வெறுப்பதும் விலங்கின் நினைவு. அந்த நினைவையா நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்பது?

மனுநீதிச் சோழன் கதையைச் சிலர் எடுத்துவருவார்கள். கன்றை இழந்த பசு பழி கேட்கவில்லையா என்பார்கள். அக்கதையை நாமும் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பசு யாரையும் முட்டவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு நின்றது. விசாரித்ததும் தீர்ப்பளித்ததும் அரசன். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலை வைத்திருப்பதும் அதனால்தான். அப்பசுவிடம் கற்க வேண்டியதும் அதுவே: மணியை அடி, கொம்பைத் தூக்காதே.

திருமறையைக் கற்றவர்கள் இன்னொன்று கேட்கலாம்: ஆப்ரஹாவின் யானை கஅபாவை நோக்கி நடக்க மறுத்து மண்டியிடவில்லையா? ஹுதைபிய்யாவில் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் கஸ்வா படுத்துவிடவில்லையா? ஆம். ஆனால் ஒட்டகம் முரண்டு பிடிக்கிறது என்று தோழர்கள் சொன்னபோது, அது அதன் இயல்பன்று, யானையைத் தடுத்தவனே இதையும் தடுத்தான் என்ற கருத்தையே நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். விலங்கு நின்றதற்கு விலங்கைப் புகழவில்லை, நிறுத்தியவனை எண்ணினார்கள். அங்கிருந்து போர் பிறக்கவில்லை, உடன்படிக்கை பிறந்தது.

1386 இல் பிரான்சு நாட்டு ஃபலேஸ் நகரில் ஒரு பன்றியைக் கொலைக் குற்றத்துக்காக விசாரித்துத் தண்டித்தார்கள். நம் சட்ட நூலோர் அப்படிச் செய்யவில்லை. அரபியில் விலங்குக்கு 'அஜ்மா' என்று ஒரு பெயர். பேச மாட்டாதது என்பது பொருள். தன்போக்கில் திரியும் வாயில்லா உயிர் விளைத்த காயத்துக்கு ஈடு இல்லை என்பது நபிமொழி வழி வந்த விதி. குற்றம் சுமத்த முடியாத உயிருக்கு மன்னிக்கும் தகுதியும் இல்லை.

அந்தத் தொலைக்காட்சிக் கதையும் இதற்கு விலக்கன்று. கொலைக்கு வேர் அரியணை ஆசை என்று டிராகன் உணர்ந்து அதை எரித்தது என்று இரசிகர்கள் தத்துவம் பேசினார்கள். கொன்றவனுடைய உடலிலும் டிராகன் குலத்து இரத்தம் ஓடியதால் விட்டது என்றார்கள் வேறு சிலர். பின்னர் வெளிவந்த திரைக்கதைப் பிரதியோ, அரியணை அதன் இலக்கே அன்று, தீயின் வழியில் அகப்பட்டுக்கொண்டது என்னும் பொருள்பட எழுதப்பட்டிருக்கிறது. கதாநாயகன் பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் கதை எழுதியவர்கள். அந்த முடிவை வாயில்லாப் பிராணியின் தலையில் ஏற்றினார்கள். நம் பெரியவர் தம் ஆத்திரத்தை நாயின் தலையில் ஏற்றியதும் அதே வேலைதான்.

மனிதன் விடுவது எப்படி?

பழிக்கு ஈடு என்பதை அரபியில் 'கிஸாஸ்' என்கிறோம். அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். மன்னிப்புக்குச் சொல் 'அஃப்வு'. காற்று மணலில் சுவட்டை அழிப்பதற்கும் அதே வேர்தான் வழங்கும். சுவடு இருந்தால்தான் அழிக்க முடியும். தமிழிலோ 'பொறுத்தல்' என்றால் சுமத்தலும் ஆகும், மன்னித்தலும் ஆகும். 'பொறுப்பு' என்பதும் அதே வேர்ச்சொல். பொறுப்புடையவன் எவனோ அவனே பொறுக்கவும் கூடும்.

உஹதுப் போரில், 625 ஆம் ஆண்டில், நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை வஹ்ஷி ஈட்டி எறிந்து கொன்றார். மக்கா வெற்றிக்குப் பின் அவர் கைக்கு எட்டும் தொலைவில் வந்து நின்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை உயிரோடு விட்டார்கள். ஆனால் தம் கண்முன் வராதிருக்க இயலுமா என்று கேட்டார்கள். அதுதான் மனிதன் விடுவது. துயரம் ஆறிவிட்டதாக நடிக்கவில்லை. ஆறாத துயரத்தைக் காரணம் காட்டிக் கொல்லவுமில்லை. எந்த டிராகனும் இதைச் செய்ய இயலாது.

இது நபிமார்களுக்கு மட்டுமே இயலும் என்று தட்டிக்கழிக்க வேண்டா. குவைத்தில் 2013 இல் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், மலப்புரத்தைச் சேர்ந்த உடன் பணியாளரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். கொன்றவரின் மனைவி, கொல்லப்பட்டவரின் மனைவியைத் தேடி மலப்புரத்துக்குப் போனார். பாணக்காட்டுத் தங்ஙள் குடும்பத்தாரின் முயற்சியால் 30 லட்சம் ரூபாய் திரட்டப்பட்டது. 2017 இல் அந்தக் கைம்பெண் மன்னிப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இழந்தவரும் இழக்க இருந்தவரும் ஏழைப் பெண்கள். அவர்களிடம் 'நாய்கூடக் கடிக்குமே' என்று யாரேனும் சொல்லியிருந்தால் என்னாகியிருக்கும்?

நம் நாட்டுச் சட்டத்தில் கொலை வழக்கைக் குடும்பத்தார் மன்னித்து முடித்துவிட முடியாது. அரசே வழக்கை நடத்தும். மார்க்கமும் ஈட்டை நிறைவேற்றும் அதிகாரத்தைத் தெருவில் நிற்கும் தம்பியின் கையில் கொடுக்கவில்லை; உரிமையுடைய வாரிசையும் வரம்பு மீறாதே என்றே எச்சரிக்கிறது. ஈட்டை விதித்த அதே வசனத்தில், மன்னிக்கும் உரிமையுடைய வாரிசைக் கொலையாளியின் சகோதரன் என்று திருமறை சுட்டுகிறது. ஓதத் தெரிந்த நம் பெரியவர்கள் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனவே மாணவனிடம் இவ்வாறு சொன்னோம்: "தம்பி, டிராகன் விட்டது என்பதற்காக நீ விட வேண்டாம், நாய் கடிக்கும் என்பதற்காக நீ கடிக்கவும் வேண்டாம். நீதிமன்றம் அழைக்கும் நாளில் போய், கண்டதைக் கண்டபடி சொல். அண்ணனுக்கு நீ செய்ய வேண்டிய கடன் அதுதான். உன் தாய்க்கு ஒரு மகனைச் சிறைக்கும் அனுப்பாதே."

"மனம் ஆறவில்லையே, ஹஜ்ரத்" என்றான்.

"ஆற வேண்டும் என்று யார் சொன்னது? அவன் முகத்தைப் பார்க்க நீ விரும்பாவிட்டால் அதில் குற்றமில்லை" என்றோம். அவன் அழுதான். அண்ணன் இறந்த பின் அன்றுதான் அழுதான் என்று பின்னர் அவன் தாய் சொல்லக் கேட்டோம்.

மரண வீட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு இறுதியாக ஒரு சொல். அங்கே இளம்பிள்ளைகள் காது திறந்து நிற்கிறார்கள். ஆறுதல் சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் துஆ கேட்டுவிட்டு வீடு திரும்புங்கள். நாயையும் குதிரையையும் அவற்றின் போக்கில் விட்டுவிடுங்கள். மறுமையில் கேள்வி கணக்கு நமக்குத்தான். நாம் யார் காதில் என்ன சொன்னோம் என்பதும் அதில் வரும். வல்ல இறைவன் நம் நாவுகளைக் காப்பானாக.