ஹோட்டல் வேலை: அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்க

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் எஸ்.பி.எம். முடித்த உங்கள் பிள்ளை, ஹோட்டல் நிர்வாகம் படித்து ஈப்போவிலோ பங்கோர் தீவிலோ வேலைக்குப் போகிறேன் என்கிறாரா? தாராளமாக அனுப்புங்க. வேலைக் கடிதம் வந்ததும் அடிப்படைச் சம்பளத்தை முதலில் பாருங்க. 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்சம் 1,700 ரிங்கிட்.

ரசீதில் விருந்தினர் கட்டும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் இதில் சேராது. அதையும் கூட்டிக் கணக்கை நிரப்பப் பார்த்த ஹோட்டல் ஒன்றுக்கு எதிராகத் தொழிற்சங்கம் வழக்காடியது. அது கூடாது என்று 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் ஊழியருடையது.

சேவைக் கட்டணமே வசூலிக்காத ஹோட்டல்களும் உண்டு. நேர்காணலிலேயே கேட்டுடுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

படிக்கும்போது போகும் தொழிற்பயிற்சி வேறு கதை. அங்கே அலவன்ஸ்தான், எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்குங்க.