முதலில் இன்ஸ்டால் செய்யுங்கள், பிறகு பெருமைப்படலாம்

தமிழில் நிரல் எழுதினால் வேலை கிடைக்குமா? கொட்டிவாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆருக்கு கம்பெனி பஸ் ஏறுகிற நண்பர்களிடம் 'எழில்' மொழியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். கிடைக்காதுங்க. 'அ' எழுதப் பழகுகிற குழந்தையிடம் ஆஃபர் லெட்டர் எங்கே என்றா கேட்கிறோம்?

எழிலை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. 2009இல் அதை ஓர் ஆய்வுக்கட்டுரையில் விவரித்தார். பைத்தானில் எழுதப்பட்ட இன்டர்பிரிட்டர் அது. "சும்மா கீவேர்டை மொழிபெயர்த்திருக்காங்க" என்பது அடுத்த நக்கல். எழுதிப் பார்க்காதவர்கள் சொல்வது. பைத்தானில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனைதான் முதலில்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "பாஸ்"
முடி

"மழை பெய்தால்" என்று நாம் பேசுகிற வரிசையே இது. தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்கு லாஜிக் மட்டும்தான் புதுசு, வாக்கியம் பழசு. நாளைக்குப் பைத்தானுக்குப் போகத்தான் வேண்டும், போகட்டும். லாஜிக் கூடவே போகும்.

நக்கல் அடிப்பவர்களைவிட எனக்குக் கோபம், தாய்மொழி நாளன்று எழில் பற்றி ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு அதை ஒருமுறைகூட இன்ஸ்டால் செய்யாதவர்கள் மேல்தான். பைத்தானும் 'பிப்'பும் நமக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் அந்தக் கட்டளை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த வாசலிலேயே நின்றுவிடும். கதவைத் திறந்துவிட வேண்டியவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பில் அந்த ஒரு வரியைத் தட்டிக் கொடுங்கள். ஸ்டேட்டஸ் அப்புறம் போடலாம்.