பின்னேர ஐந்து மணி

சகோதரிகளே, யப்பானின் இவாத்தே மாகாணத்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடசாலையில் மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். வகுப்பறையையும் தாங்களே கூட்டித் துடைப்பார்கள். நானும் கூடவே துடைப்பேன், முழங்கால்தான் நோகும்!

பின்னேரம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கிகளில் ஒரு மெட்டு ஒலிக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டதும் முற்றத்திலேயே குப்புறப் படுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியுந்தானே அந்தப் பழக்கம்.

பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கவில்லை. சிறுவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லும் மெட்டு அது, ஒலிபெருக்கி பழுதில்லை என்பதும் அதனால் தெரியவரும் என்று கைகளால் விளக்கினார். சுனாமி என்றால் அதில்தான் அறிவிப்பார்கள். 2011 மார்ச் 11இல் அவருடைய கணவரைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

இப்போது ஐந்து மணிக்கு இருவரும் வேலியடியில் நிற்போம். மெட்டு முடிந்ததும் என் கையில் ஒரு முள்ளங்கியைத் தந்துவிட்டு உள்ளே போவார்.