அளத்து உப்பை விற்கலாமா?

உப்பளத்தில் தானே வாரிய உப்பை ஒரு பெண் சாலையோரம் குவித்து வைத்து, "குழம்புக்குப் போடலாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று படிக்கணக்கில் விற்றால் அது சட்டப்படி தப்பு. மரக்காணத்தில் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்புகிறவர்களுக்குக் கோபம் வருகிறது.

அப்படிக் கோபத்தோடு என்னிடம் கேட்டவள் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். அவளுடைய அம்மா தை பிறந்தால் புரட்டாசி வரை அளத்து வேலைக்குப் போகிறவர். விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை முடிந்து வந்ததும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இரண்டு மூட்டைக் கல் உப்போடு உட்கார்ந்துவிடுவார். புதுச்சேரிக்குப் போகிற கார்கள் நின்று வாங்கும். "ஒரு ஆபீசர் வண்டிய நிறுத்தி, இத விக்கக் கூடாதுன்னுட்டுப் போயிட்டாரு சார். ஏன்னு சொல்லல. எங்கம்மா ராத்திரி பூரா தூங்கல. நாங்க என்ன சாராயமா விக்கிறோம்?" என்றாள்.

இந்தக் கரையில் அது சும்மா வருகிற வார்த்தை இல்லை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் செத்ததைச் சுற்றுவட்டாரமே பார்த்திருக்கிறது. எதை விற்றால் உயிர் போகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அப்படியிருக்க உப்பு எப்படிக் குற்றமாயிற்று என்று அவள் கேட்பதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் 2011இல் வந்த விதிமுறை ஒன்று, மனிதர் நேரடியாக உண்பதற்கான உப்பு அயோடின் கலந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. கலக்காத உப்பை விற்கக் கூடாது, விற்பதற்காக வைத்திருக்கவும் கூடாது. கடையில் கைமாறும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருந்தாக வேண்டும். விலக்குகளும் உண்டு. மாட்டுக்கு, மருந்து செய்ய, தொழிற்சாலைக்கு, பதப்படுத்த, அயோடின் கலக்கும் ஆலைக்கு என்றால் வெறும் உப்பை விற்கலாம். எதற்கான உப்பு என்று மூட்டையில் எழுதியிருக்க வேண்டும். ஆக, அதே குவியலிலிருந்து கருவாடு போடுகிறவருக்கு அளந்தால் சரி, குழம்பு வைக்கிறவருக்கு அளந்தால் தப்பு.

இந்தத் தடை ஒரே சீராக வந்ததும் இல்லை. 1998இல் நாடு முழுக்கப் போட்டார்கள், 2000இல் எடுத்தார்கள், 2006 மே மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஜூலையில் வந்த தீர்ப்பு, பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் போட்ட அந்த விதி செல்லாது என்றது. அயோடின் இல்லாத உப்பு தன்னளவில் உடம்புக்குக் கேடான பொருள் இல்லை, கேடான பொருளைத் தடுக்கக் கொடுத்த அதிகாரத்தை வைத்து அதைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். ஆனாலும் மக்கள் நலனைக் கருதி, விதி ஆறு மாதம் நீடிக்கட்டும் என்று நீதிமன்றம் அவகாசம் தந்தது. அதற்குள் புதிய சட்டத்தின் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்து, தடை அங்கே குடியேறிவிட்டது. இன்றும் அதுதான் நிற்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்துக் காட்டிய இன்னொரு பிரிவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 3ஆம் உட்பிரிவு. இந்தச் சட்டம் விவசாயிக்கும் மீனவருக்கும் பொருந்தாது என்கிறது அது. வயலளவில் விவசாயி விளைவித்ததும், தன் தொழிலில் மீனவர் பிடித்ததும் இதன் கைக்கு அப்பாற்பட்டவை. உப்பளத் தொழிலாளியின் பெயர் அங்கே இல்லை. கடலுக்குப் போய் வலை இழுக்கிறவருக்கு விலக்கு உண்டு. அதே கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் நின்று கால் வெடிக்க உப்பு வாருகிறவருக்கு இல்லை. அவருக்கு நிலமும் சொந்தமில்லை. மரக்காணத்து அளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறை நிலம், குத்தகைக்கு விடப்பட்டது. உப்பு உற்பத்தியும் விநியோகமும் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில், 58ஆம் இனத்தில் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் அளம் மூழ்கும்போது மாநில அரசு 2022 முதல் தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் ஓர் ஆறுதல். மற்ற மாதங்களில் கூலி போக, சாலையோரம் விற்கிற இந்த இரண்டு மூட்டைதான் அந்தக் குடும்பத்துக்குக் கையில் நிற்கிற காசு.

ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளிக் கைதானதை எல்லாரும் படித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மார்ச்சில் காந்தியும் இர்வினும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உப்பைப் பற்றி ஒரு சிறிய ஏற்பாடு இருந்தது. உப்பு விளையும் கரையை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுக்கலாம், தங்கள் ஊருக்குள் விற்கவும் செய்யலாம், வெளியூராருக்கு மட்டும் விற்கக் கூடாது. வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகப் போட்ட வேலியிலேயே ஊர்க்காரருக்கு அப்படி ஒரு திட்டிவாசல் வைக்க முடிந்திருக்கிறது. 1947இல் உப்பு வரியே போனது. 10 ஏக்கர் வரை உரிமம் இல்லாமல் உப்பு விளைவிக்கலாம் என்று 1948இல் அரசு சொன்னது. விளைவிக்கத் தந்த அந்தச் சுதந்திரம், விளைந்ததைப் பக்கத்து வீட்டுக்குச் சமையலுக்கு விற்பதில் இன்று இல்லை.

இவ்வளவும் சொன்னதால் அயோடின் உப்பு கம்பெனிக்காரர்களின் சதி என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பேச்சு இப்போது எங்கும் ஓடுகிறது. "பாட்டி காலத்துல ஏது அயோடின்?" என்று கேட்டுவிட்டுக் கல் உப்பை மருந்துபோல் வாங்கிப் போகிறார்கள். பாட்டி காலத்தில் முன்கழுத்துக் கழலை இருந்தது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் குழுவினரும் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு கொடுத்த பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே கழலை நன்றாகக் குறைந்தது. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு அதுவே அடிப்படை. கழலையாவது கண்ணுக்குத் தெரியும். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்காதா என்று கேட்பார்கள். தேவைக்குப் போதாத, பெயரளவு சங்கதிதான் இருக்கும். கடல் மீனில் உண்டு, உப்பில் இல்லை. பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் அதைக் கண்ணெதிரே காட்டினார். சுகாதாரத் துறையினர் பயன்படுத்தும் சிறு சோதனைப் புட்டி அவரிடம் இருந்தது. உள்ளே கஞ்சிப்பசைக் கரைசல். பாக்கெட் உப்பில் ஒரு துளி விட்டார். நாவல்பழக் கறைபோல ஊதா பரவியது. அடுத்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்த அளத்துக் கல் உப்பில் விட்டார். துளி துளியாகவே நின்றது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு பையன் தன் பொட்டலத்தில் மறுபடியும் ஒரு துளி விடச் சொன்னான். விட்டார். அப்போதும் வெள்ளைதான். அளத்து வேலை செய்கிற வீட்டில் யாரும் காசு கொடுத்து உப்பு வாங்குவதில்லை. அந்தக் கல் உப்புதான் ஆண்டு முழுக்க உலையில் விழுகிறது.

எய்ம்ஸும் சேர்ந்து 2018-19இல் நடத்திய தேசிய அயோடின் ஆய்வில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பை உண்ணும் வீடுகள் நாடளவில் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் அதுதான் கடைசி இடம். உப்பு விளைகிற மாநிலம், கல் உப்பை விடாத சமையல், இரண்டும் சேர்ந்த விளைவு இது. சட்டம் வந்து இத்தனை ஆண்டு கழித்தும் இந்த நிலைமை என்றால், சாலையோரத்தில் மூட்டையைத் தூக்கச் சொல்வதால் ஒரு குழந்தைக்கும் அயோடின் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் இதைச் சரிசெய்வது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒரு டன் உப்புக்குச் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம். தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் சீராகத் தெளித்துக் கலக்க வேண்டும். வீட்டில் கண்ணளவாகச் செய்யக் கூடாது, அளவு தப்பும். இயந்திரமும் சோதிக்க ஆளும் வேண்டும். கல் உப்பாகவே இருக்கட்டும், கல்லின் மேல் அயோடின் இருக்கட்டும். அப்படிப்பட்ட உப்பு கடைகளில் விற்கத்தான் செய்கிறது. 'நெய்தல்' என்ற பெயரில் 2022இல் சொந்த உப்பை அறிமுகப்படுத்திய மாநில அரசுக்கு, மரக்காணத்துத் தொழிலாளிகள் கொண்டுவரும் மூட்டைகளுக்கு அயோடின் தெளித்துத் தர ஒரு பொது இடம் அமைப்பது பெரிய செலவாகாது. சட்டத்தை அமல்படுத்துகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடமும் அளத்தை விட்டு லாரி கிளம்பும் இடம்தான்.

(வாசகர்களுக்கு ஒன்று. கல் உப்பை அலசிவிட்டுப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அயோடின் கல்லின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, அலசினால் போய்விடும். ஜாடியை மூடி, ஈரம் படாமல் வையுங்கள்.)

அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் இதுதான். கருவாட்டுக்கும் மாட்டுக்கும் விற்கிற மூட்டையில் அதை எழுதி ஒட்டுங்கள். சமையலுக்குக் கேட்பவருக்கு அயோடின் கலந்த கல் உப்புப் பாக்கெட்டை மொத்த விலையில் வாங்கி வைத்து விற்கலாம். சிறு உணவு வியாபாரிக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதிகாரி மாதிரி எடுத்தால் அந்த உப்புக்கு விலை கொடுக்க வேண்டும், எழுத்தில் அறிவிப்பும் தர வேண்டும். தரம் குறைந்த உணவு என்று வழக்கானால் தண்டம் 5 லட்சம் வரை போகலாம் என்பது உண்மை. ஆனால் விற்றவருக்கு எவ்வளவு ஆதாயம், தெரிந்து செய்தாரா என்றெல்லாம் பார்த்துத்தான் தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. காரணமில்லாமல் தொல்லை கொடுக்கப் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரிக்கே 39ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் வரை தண்டம் உண்டு.

அவள் எல்லாவற்றையும் கைப்பேசியில் தட்டிக்கொண்டாள். பிறகு, "அந்த மெஷின யாருகிட்ட கேக்கணும்?" என்றாள். திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் கொடுக்க ஒரு மனு எழுதினோம். கையெழுத்துப் போடத் தெருவிலிருந்து அவள் அம்மாவோடு வேலை செய்கிற பெண்கள் வந்தார்கள். மனுவில் கேட்டது மூன்று: மரக்காணத்தில் தொழிலாளர் பயன்பாட்டுக்கு ஓர் அயோடின் கலக்கும் இயந்திரம், கூடவே சோதனைக் கருவி, அயோடின் கலந்தது என்று முத்திரை போட்ட உப்பை விற்க சாலையோரத்தில் ஒரு கொட்டகை. வயதான ஒருவர் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்: அளத்துக் குடும்பங்களின் வீட்டு உப்புக்கு அந்த இயந்திரத்தில் காசு வாங்கக் கூடாது.