இரண்டு திரை, ஒரு கழுத்து

நறுவிலிக்குளத்தில் என் கடைக் கணக்கு மேசைக்கு இரண்டாவது மொனிட்டர் வாங்கியபோது, "வியாபாரம் பெருகிவிட்டதோ நானா?" என்று கேலி செய்தார்கள். பெருகவில்லை. புறக்கோட்டையிலிருந்து வரும் பற்றுச்சீட்டைப் பார்த்து, அதை மூடி, இருப்புக் கணக்கைத் திறப்பதற்குள் எண் மாறிவிடும். 48 மூட்டை சீனி 84 ஆகப் பதிவான நாளில்தான் வாங்கினேன்.

இரண்டையும் சமமாக வைத்து நடுவில் அமர்ந்தேன். மூன்றாம் வாரம் கழுத்து திரும்பவில்லை. பிழை மொனிட்டரில் இல்லை, நான் வைத்த விதத்தில். வியாபார சகோதரர்களே, அதிக நேரம் பார்க்கும் திரை நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். மற்றது அதை ஒட்டி, சற்று நம் பக்கம் திரும்பியிருக்கட்டும். மேல்விளிம்புகள் கண்மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. என்னைப்போல் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் வாசிப்பவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் நாடியைத் தூக்கியே நாள் போகும். உயரம் போதாவிட்டால் பழைய பேரேடுகளை அடியில் வையுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. நம் கரையோர வெயில் முதுகுப்புறமிருந்து அடித்தால் திரையில் கணக்குத் தெரியாது.

செலவும் பெரிதல்ல. பல திரைகளை இணைக்கும் வசதி 1998இல் வந்த விண்டோஸ் 98இலேயே இருந்தது. மூன்றாவது திரை தரகர்களுக்குச் சரி. நமக்கு வீண் பகட்டு. அந்தப் பணத்தில் முதுகு தாங்கும் நாற்காலி வாங்கலாம்.

இன்னொன்று. கொள்முதல் விலை தெரியும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பாதீர்கள். ஒருநாள் திருப்பினேன், அன்று பேரம் பேச எனக்கு வாயில்லை.