புரோகிராமில் கை வைக்கும் முன்...

கடைசி வருட புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் எல்லா லேபிலும் ஒரே காட்சிதான். ஒரு ஆர்டினோ யூனோ போர்டு, பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈஎஸ்பி-01 வைஃபை மாட்யூல், சுற்றிலும் நாலு பேர். மாட்யூலில் விளக்கு எரிகிறது. ஆனால் ‘ஏடி’ என்று அனுப்பினால் ‘ஓகே’ வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் ஜிலேபியைப் பிய்த்துப் போட்ட மாதிரி எழுத்துக்கள். உடனே நாலு பேரும் செய்யும் முதல் காரியம், நெட்டில் வேறொரு புரோகிராமைத் தேடி எடுத்து ஏற்றுவது. அதுவும் ஓடவில்லையா? இன்னொன்று!

என் கட்சி இதுதான் நண்பர்களே: மாட்யூல் வாய் திறக்காதபோது முதல் குற்றவாளி புரோகிராம் அல்ல, கரண்ட். அதை அளந்து பார்க்காமல் புரோகிராமை மாற்றிக்கொண்டே இருப்பது காய்ச்சலுக்கு சட்டை மாற்றுவது மாதிரி.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். ஈஎஸ்பி-01க்குள் இருப்பது ஷாங்காயின் எஸ்பிரஸிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி 8266 சிப். 2014-ல் இந்த மாட்யூல் மலிவு விலையில் வந்தபோது ஹாபிக்காரர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். இது 3.3 வோல்ட்டில் ஓடும். வைஃபையில் சிக்னல் அனுப்பும்போது சுமார் 170 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. யூனோ போர்டின் 3.3 வோல்ட் பின் எவ்வளவு தரும் தெரியுமா? 50 மில்லி ஆம்பியர்! விளக்கு எரிய சில மில்லி ஆம்பியர் போதும், அதனால் அது ஜோராக எரியும். ரேடியோ விழித்ததும் வோல்டேஜ் சரியும், சிப் ரீசெட் ஆகும், திரும்ப எழும், திரும்ப விழும். இதற்கு எந்த புரோகிராம் மருந்து?

மல்டிமீட்டரை வைத்தால் 3.3 என்றே காட்டுகிறதே என்பீர்கள். அந்தச் சரிவு கண் இமைப்பதை விட வேகமாக வந்து போகும், சாதாரண மீட்டர் அதைப் பிடிக்காது. 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய தனி 3.3 வோல்ட் சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் யூனோவோடு சேர்த்து, மாட்யூல் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். அப்போது பேசினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

அப்படியும் பேசவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வயர்கள். யூனோ அனுப்புவது 5 வோல்ட் சிக்னல், வாங்குவது 3.3 வோல்ட் சிப். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 என்பது 3.3 ஆகிவிடும். சிஎச்-பிடி பின் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிப் தூங்கும். ஜிபிஐஓ 0 கிரவுண்டைத் தொட்டபடி ஸ்டார்ட் ஆனால், புதிய ஃபர்ம்வேர் வரும் என்று காத்திருக்கும், ‘ஏடி’க்கு பதில் சொல்லாது.

புரோகிராம் பக்கம் வருவது இதற்கெல்லாம் பிறகுதான். பெரும்பாலான மாட்யூல்கள் 115200 பாட் வேகத்தில் பேசும். யூனோவின் சாஃப்ட்வேர் சீரியல் அந்த வேகத்தில் திணறும், 9600-க்கு இறக்கினால் ஜிலேபி நேராகும். பவர் போட்டவுடன் வரும் முதல் குப்பை வரிகளுக்கு பயப்படாதீர்கள். அவை 74880 பாட் வேகத்தில் வருபவை, அவ்வளவுதான். கடைசியில் ‘நம்ம வைஃபை லிஸ்டிலேயே வரலையே’ என்றால், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இருக்கிறதா பாருங்கள். இந்தச் சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

‘இவ்வளவு எதற்கு? நோட்எம்சியு அல்லது ஈஎஸ்பி 32 போர்டு வாங்கினால் முடிந்தது’ என்று ஒரு கோஷ்டி சொல்லும். வாங்குங்கள், நல்ல போர்டுகள்தான். ஆனால் நாளைக்கு அதே போர்டிலிருந்து ஒரு மோட்டாருக்கும் கரண்ட் எடுத்தால் இதே சரிவு, இதே ரீசெட். போர்டு மாறும், பாடம் மாறாது.

எனக்கு உண்மையான ஆதங்கம் வேறு. நம் வைவாக்களில் பொதுவாக மார்க் கிடைப்பது ‘அவுட்புட் வந்ததா’ என்பதற்குத்தான். கடையில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி வந்தவனுக்கு முழு மார்க். ஓடாத சர்க்யூட்டில் சப்ளை, வயர், வேகம் என்று ஒவ்வொன்றாக அளந்து ‘இதனால்தான் ஓடவில்லை’ என்று சொல்லும் பெண்ணுக்கு பாதி மார்க். நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? அந்தப் பெண்ணைத்தானே!

அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ‘எது எது காரணமில்லை என்று எப்படி கண்டுபிடித்தாய்?’ என்று வைவாவில் ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு பத்து மார்க் ஒதுக்குங்கள். மாணவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள்.