பாட்டிற் புகுந்த விலங்குகள்

கருதிய பொருளை மறைத்து, அதற்கு ஒப்பாகிய பிறிதொன்றைக் கூறி அதனை உணர்த்துதல் பிறிதுமொழிதல் எனப்படும். மாணாக்கர்க்கு அணியிலக்கணம் கற்பிக்கும் யான், மேனாட்டு றொக் பாட்டிலும் இதனைக் காண்கின்றேன். ஆங்கிலக் குழுவினராகிய பிங்க் புளொயிட் 1977இல் வெளியிட்ட 'அனிமல்ஸ்' என்னும் இசைத்தட்டு அதற்குத் தக்க சான்றாகும்.

அதன்கண் நாய், பன்றி, ஆடு என்பவை பற்றி மூன்று நெடும்பாட்டுக்கள் உள. நாய், பிறரை வீழ்த்திப் பொருள் தேடுவோன். பன்றி, அறம் பேசி அதிகாரஞ் செலுத்துவோன். ஆடு, வினவாது பின்செல்லும் மக்கள். 1945இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' புரட்சியின் திரிபை இடித்துரைத்தது. பாட்டியற்றிய றொஜர் வோட்டர்ஸோ முதலாளித்துவச் சமுதாயத்தை இடித்துரைத்தார்.

மாற்றாரை நாயென்றும் பன்றியென்றும் அழைத்தல் எளிது. இன்றைய அரசியல் மேடைகளிலும் அதனைக் கேட்கின்றோம். அது வசை, அணியன்று. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இப்பாட்டுக்களை நோக்குக. பிறரைக் கடித்த நாய், முதுமையிலே துணையின்றி நோயுற்று மாள்கின்றது. அவ்விடத்து இரக்கம் பிறக்கின்றது. ஆடுகள் எழுந்து நாய்களைக் கொல்கின்றன; ஆயினும், அடங்கியிருக்குமாறே மீண்டும் ஏவப்படுகின்றன. ஈற்றுப் பாட்டிலோ, பாடுவோன் தன்னையும் ஒரு நாயாகவே காட்டுகின்றான்.

சொல்வோன் தன்னையும் அவ்விலங்குகளுள் ஒன்றாக எண்ணும்போதே உருவகம் சமுதாயக் கண்டனமாகும் என்பது என் துணிபு. தன்னை மட்டும் மனிதனாக நிறுத்திப் பிறரை விலங்காக்குவோன், கேட்போரை வேட்டைக்கே அழைக்கின்றான்.